தாஹா வீட்டு ஏசி கார்

"கேஸ் பூராவும் போயிடுச்சு பாய்" என்று பானெட்டை மூடினான் மெக்கானிக் அந்தோணிராஜ். "உப்புக்காத்து அரிச்சிருக்குது. டேஷ்போர்டுக்கு அடியில இருக்குற காயிலை மாத்தணும். ஏசி கேஸும் மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும். ஒரு வாரம் ஆவும்."

தாஹாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரக்காணத்திலேயே ஏசி வைத்த கார் அவருடையது ஒன்றுதான். துபாயில் உழைத்துக் கப்பலில் கொண்டுவந்த பழைய ஜப்பான் கார். உப்பளத்துச் சாலையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவர் போகிற அழகைப் பார்க்க வேண்டுமே! வெளியே உப்பு வாருகிறவர்கள் வெயிலில் வேக, உள்ளே இவர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். நாளை மறுநாள் மகள் ஆஸிஃபாவுக்குக் கிளியனூரில் நிக்காஹ். "பொண்ணு ஒரு சொட்டு வேர்வை இல்லாம ஏசி கார்ல வந்து எறங்கும்" என்று சம்பந்தி இப்ராஹீமிடம் எப்போதோ அளந்துவிட்டாயிற்று.

"ஒரு வாரமா? ஏம்பா, சமையல் கேஸ் போட்டாகூட ஜில்லுன்னு ஆவுமாமே? துபாய்ல ஒருத்தன் போட்டு ஓட்டினான்."

"ஆவும் பாய். ஆனா ஏசி கேஸ் லீக்கானா குளிர்ச்சிதான் போவும். இது அந்த அரிச்ச காயில்லேர்ந்து லீக்கானா வண்டிக்குள்ளயே நிக்கும். ஒரு பொறி பட்டா போதும்."

"பொறி எங்கேர்ந்து வருது? நான் பீடி, சிகரெட் தொடறதே இல்ல. நீ போடுப்பா, நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன்! நம் ஊரில் எத்தனை விபத்துக்கு இந்த வார்த்தைதான் பிள்ளையார் சுழி! அந்தோணிராஜும் லேசுப்பட்டவனில்லை. ஆபத்து என்று தெரிந்தும், பெரிய இடத்தைப் பகைத்துக்கொள்வானேன் என்று தலையாட்டிவிட்டான். சிலிண்டர் தாஹாவின் சமையலறையிலிருந்தே போனது. மனைவி மெஹரூன்னிசா கேட்டதற்கு, பந்திக்கு டீ போடத் தேவைப்படுகிறது என்று வாய் கூசாமல் சொன்னார்.

நிக்காஹ் அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. வாசலில் கார் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பட்டும் பூவுமாக ஆஸிஃபா. சீர்த்தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம், "உள்ள கைய விட்டுப் பாருங்க, ஊட்டிதான்!" என்று பீற்றிக்கொண்டிருந்தார் தாஹா.

ஆஸிஃபா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். "அத்தா, தலை சுத்துது. ஒரே கேஸ் நாத்தம்."

"ஏசின்னா அப்படித்தாம்மா இருக்கும். கண்ணாடியை ஏத்து, குளிர்ச்சி போயிடும்."

சொல்லிவிட்டுத் திரும்பினார். வீட்டுக்குள்ளிருந்து மெஹரூன்னிசா வந்துகொண்டிருந்தாள். கையில் சாம்பிராணிக் கரண்டி. அதில் கணகணவென்று நெருப்பு.

நிக்காஹுக்குப் புறப்படும் பெண்ணுக்கு வண்டிக்குள்ளேயே சாம்பிராணிப் புகை காட்டாமல் அனுப்புவது அந்தக் குடும்பத்தில் வழக்கமே இல்லை. பீடியை நினைத்தவர், சிகரெட்டை நினைத்தவர், இதை மறந்துபோனார்! மெஹரூன்னிசா கார்க் கதவில் கை வைத்துவிட்டாள்.

தாஹா பாய்ந்து ஓடினார். வெறுங்கையால் கரண்டியைத் தட்டிப் பறித்துத் தெருக்கோடி மணலை நோக்கி வீசினார். உள்ளங்கை பொசுங்கியது. அதைக்கூட உணராமல் கதவைத் திறந்து மகளை வெளியே இழுத்தார்.

"நல்ல நாளும் அதுவுமா என்னங்க இது அக்கிரமம்!" என்று அலறினாள் மெஹரூன்னிசா.

"நம்ம சிலிண்டர் கேஸ் இந்த வண்டிக்குள்ளதான் இருக்குது மெஹரூ. எல்லாரும் தள்ளிப் போங்க!"

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. மகளை இறுகக் கட்டிக்கொண்டாள். "உங்க பவிசுக்கு என் பொண்ணைத்தான் விறகா வெக்கப் பார்த்தீங்களா?"

தாஹா பொசுங்கிய கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, வாடகைக் கார் பிடிக்க ஆளை அனுப்பினார்.

கடைசியில் ஆஸிஃபா போனது டிரைவர் கொளஞ்சியின் வாடகை அம்பாசடரில். கண்ணாடி இறக்கிய நாலு ஜன்னலிலும் உப்புக்காற்று வீச, கிளியனூர் போய்ச் சேர்வதற்குள் முகமெல்லாம் வேர்வையும் புழுதியும். இப்ராஹீம் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"என்ன பாய், ஏசி கார்னீங்க? பொண்ணு தொப்பலா நனைஞ்சு வருதே!"

பழைய தாஹாவாக இருந்தால் ஏதாவது கதை கட்டியிருப்பார். இன்று துணி சுற்றிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"வேர்த்தாலும் உசுரோட வந்துட்டா சம்பந்தி, அது போதும் எனக்கு. நாலு பேரு மெச்சணும்னு ஏசியில சமையல் கேஸை ஏத்தி, பெத்த பொண்ணை நானே கொளுத்தப் பார்த்தேன். எந்த வண்டிக்கு எதைப் போடணுமோ அதைத்தான் போடணும். அது கெடைக்கலேன்னா வேர்த்துக்கிட்டுப் போவணும். இனிமே எவனாவது 'நான் பார்த்துக்கறேன்'னு சொன்னா நம்பாதீங்க. நெருப்பு வந்தா யாராலயும் பார்த்துக்க முடியாது!"