பிரித்து மாட்டிய என்ஜின்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, சித்தியிடமிருந்து எடுத்தது. திருடியது என்றும் சொல்லலாம். ஆனால் "எழுதிக்கோடி, பொய் மட்டும் எழுதாத" என்று அவளே சொல்லிவிட்டதால் பாதித் திருட்டு.

சித்தி லாரி ஓட்டுகிறாள், சொந்த லாரி. மலைக்கு இந்தப் பக்கம் உள்ள குவாரியில் கல் பலகைகளை ஏற்றிக் கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் கட்டட வேலை நடக்கும் இடங்களில் இறக்குவாள்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: மலை மௌனமாக நின்றுகொண்டிருந்தது. அதன் மடியில் ஒரு லாரி—

சித்திக்குப் படித்துக் காட்டினேன். "மலை நிக்காம வேற என்ன செய்யும்? மேல சொல்லு" என்றாள். அந்த வாக்கியம் அங்கேயே செத்தது. ஆகவே நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2

மழை விட்டிருந்த ஒரு காலையில், முழுப் பாரத்தோடு கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஏறும்போது என்ஜின் இருமி, முக்கி, நின்றுவிட்டது. சித்தி பிரேக்கை மிதித்தாள். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, பூட்டியபடியே ஈரச் சாலையில் பின்னோக்கி வழுக்கின. பின்னால் ஒரு வேன். பக்கக் கண்ணாடியில் அந்த டிரைவரின் திறந்த வாய் தெரிந்தது.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, லாரியின் பின்பக்கத்தை மலைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்தினாள். பின்கதவு நசுங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேன் டிரைவர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்க முடியவில்லை, விரல்கள் ஸ்டீயரிங்கை விட்டு வர மறுத்தன.

(இங்கே "மரணத்தின் வாசலில்" என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். இப்போது இல்லை. நன்றி.)

லாரியைக் காட்டப் போன இடமெல்லாம் ஒரே பதில்தான்: "வித்துடுங்கம்மா." ஒரு மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்தார். "என்ஜினுக்குள்ள இருக்கறத எல்லாம் கழட்டிட்டு, பந்தய வண்டிக்குப் போடற மாதிரி பலமான சாமானா மாட்டலாம். அந்த வேலை தெரிஞ்சவர் ஒருத்தர்தான். ஆனா உங்களுக்கும் அவருக்கும்..." என்று இழுத்து, ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்த ஒருத்தர் சித்தியை விவாகரத்து செய்தவர். அதாவது, சித்தியால் விவாகரத்து செய்யப்பட்டவர்.

3

விவாகரத்தான சித்தப்பாவை எப்படிக் கூப்பிடுவது? அத்தை, மாமா, ஒன்றுவிட்டது, இரண்டுவிட்டது என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்த நம் மொழி இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது. இந்தக் கதையில் அவர் பட்டறைக்காரர்.

அவர்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. குடி இல்லை, கைநீட்டல் இல்லை. மனிதர் எதைக் கண்டாலும் பிரிப்பார். திரும்ப மாட்ட மாட்டார். மின்விசிறி, மிக்ஸி, குளியலறைக் குழாய் எல்லாம் எந்நேரமும் செய்தித்தாள் மேல் பரத்திக் கிடக்கும். சித்தி ஏழு வருடம் பொறுத்தாள். கடைசியில் அவர் பிரிக்காத ஒன்றை அவளே பிரித்தாள்.

அந்த ஆளிடம்தான் இப்போது என்ஜினைக் கொடுக்க வேண்டும்.

பட்டறை வாசலில் இறங்கினாள். அவர் நிமிர்ந்து பார்த்து, கையிலிருந்த கிரீஸைத் துடைத்தார்.

"வாங்க."

வாங்க! ஏழு வருடமும் 'நீ', 'போ', 'வா' என்று பேசிய வாயிலிருந்து வந்த அந்த மரியாதை சுருக்கென்று தைத்ததாகச் சித்தி சொன்னாள்.

"வண்டி மேட்டுல நின்னுபோச்சு" என்றாள். "சரிபண்ண முடியுமா?"

அவர் என்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக் கேட்டார். "பிஸ்டன் எல்லாம் உருக்கி ஊத்தின வார்ப்பு. சூட்டுல தேஞ்சிருக்கு. அடிச்சு உருவாக்கின பிஸ்டன் போடலாம், பாரம் தாங்கும். ராடு, பேரிங், போல்ட் எல்லாமே அதே பலத்துல மாத்தணும். அதுக்கப்புறம்தான் டர்போவக் கூட்டி இழுவைய ஏத்தலாம். சும்மா கூட்டினா உள்ள இருக்கறது வெளிய வந்துடும்."

"பிரிக்கணுமா?"

"முழுசா பிரிக்கணும்ங்க."

"மாட்டுவீங்களா?"

அவருக்குப் புரிந்தது. சிரிக்கவில்லை. "மாட்டுவேன்" என்றார்.

4

பட்டறைக்காரரை நம்புவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. முதல் வரைவில் அவரைக் கெட்டவராக்கினேன். பழைய கோபத்தில் மட்டமான பாகங்களைப் போடுகிறார். அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். "பாவம்டி அவரு" என்றாள். இரண்டாவது வரைவில் இன்னும் காதலிக்கிறவராக்கினேன். அது சித்திக்குப் பிடிக்கவில்லை. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் வேலைதான் செஞ்சாரு."

அப்படியானால் வேலையை எழுதுகிறேன். புதுப் பிஸ்டன்களைச் சின்னத் தராசில் ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று கொஞ்சம் கனமாக இருந்தாலும் அதன் உட்புறத்தில் இம்மியளவு சுரண்டி, மற்றவற்றோடு சமமாக்கினார். பேரிங்குக்குள் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க, மெழுகு போன்ற மெல்லிய இழை ஒன்றை உள்ளே வைத்து இறுக்கி, மறுபடி கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை அளந்தார். இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் அடையாளமாக ஒரு வெள்ளைப் பொட்டு.

சித்தி தினமும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து பார்த்தாள். இன்று என்ன பிரிந்து கிடக்கிறது என்பதல்ல, என்ன மாட்டியிருக்கிறது என்று. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒன்று மாட்டியிருந்தது. ஒரு மாலை, என்ஜின் முழுசாக மூடி லாரிக்குள் உட்கார்ந்திருந்தது. அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

5

காலையில் லாரியை எடுத்துக்கொள்ள வந்தாள். லாரி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. ஆயில் வடிந்து வாளியில் கிடந்தது. என்ஜினின் அடித்தட்டு கழன்று தரையில் கிடக்க, லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"மறுபடியும் பிரிச்சிட்டியா?" என்று கத்தினாள். 'நீங்க' போன இடம் தெரியவில்லை. "எனக்குத் தெரியும்! உன்னால எதையும் முடிக்க முடியாது. மூடினத ஏன்யா தொறந்த?"

கால்கள் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"ஒரு போல்ட். இறுக்கிக்கிட்டிருக்கும்போது போன் வந்துச்சு. பேசிட்டு வந்து பொட்டு வெச்சேன். இறுக்கி முடிச்சிட்டுத்தான் வெச்சேனான்னு ஞாபகம் வரல."

"இறுக்கியிருப்ப."

"இருப்பேன். ஆனா மேட்டுல ஓட்டப்போறது நீதான?"

('நீ' திரும்பி வந்ததைச் சித்தி கவனித்தாளா என்று கேட்டேன். "கவனிக்கல" என்றாள். பிறகு, "உடனே கவனிக்கல" என்றாள்.)

அவள் ஒரு சாக்கை விரித்து லாரிக்கு அடியில் போய்ப் படுத்தாள். அவர் ஸ்பேனரைக் கொடுத்தார். உரிய அளவு இறுக்கம் இருந்தால் 'கடக்' என்று சொல்லும் ஸ்பேனர் அது. முதல் போல்ட்: அசையவில்லை, கடக். அடுத்தது, கடக். அவர் டார்ச்சைப் பிடிக்க, அவள் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சோதித்தாள். சந்தேகத்துக்குரிய போல்ட் வந்தது. அவள் ஸ்பேனரை மாட்டினாள்.

6

இங்கேதான் எழுத்தாளராக எனக்கு நெருக்கடி. அந்த போல்ட் லேசாக, ஒரே ஒரு சுற்று, தளர்ந்திருந்தால் எவ்வளவு நல்ல கதை! எழுதியும் பார்த்தேன். 'ஸ்பேனர் வழுக்கிச் சுழன்றது. அவர் முகம் வெளுத்—'

இல்லை. கடக் என்றுதான் சொன்னது. எல்லாமே சரியாக இருந்தன. அவர் வீணாகத்தான் பிரித்தார். இருவரும் அப்படியே மல்லாந்து கிடந்து பெருமூச்சு விட்டார்கள்.

"அடியில படுத்துக்கிட்டு என்ன பேசிக்கிட்டாங்க?" அம்மா போனில் கேட்டாள்.

"போல்ட்டப் பத்திதான்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லம்மா."

போனை வைத்துவிட்டாள்.

போல்ட்டைச் சோதித்த அன்றே, சாயங்காலத்துக்குள் பட்டறைக்காரர் எல்லாவற்றையும் மாட்டி, புது ஆயில் ஊற்றி, சாவியைக் கையில் கொடுத்தார்.

7

புதுப் பாகங்கள் பழகுவதற்காகச் சில நாள் சமவெளியில் காலி லாரியை ஓட்டினாள். பிறகு பாரம் ஏற்றினாள். "பாரத்தோட எப்படிச் சத்தம் போடுதுன்னு கேக்கணும்" என்று அவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

நல்ல வெயில். முன்பெல்லாம் முதல் கியரில் அழுதுகொண்டே ஏறிய மேட்டில் லாரி மூன்றாவது கியரில் போனது. என்ஜினின் குரல் மாறியிருந்தது. தொண்டையிலிருந்து வந்தது இப்போது வயிற்றிலிருந்து வந்தது. என்ஜின் நின்றுபோன அந்த வளைவு வரப்போகிறது, வரப்போகிறது என்று சித்தி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று இடதுபுறம் பால்பண்ணைப் பலகை தெரிந்தது. அது அந்த வளைவுக்கும் மேலே இருப்பது. எப்போதோ தாண்டியாகிவிட்டது!

"தாண்டிட்டோம்!" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஓடுகிற எந்த வண்டியிலும் அவர் கண்ணயர்ந்து அவள் பார்த்ததில்லை. எப்போதும் வண்டியின் ஏதாவது ஒரு சத்தத்தைக் கேட்டபடியே வருகிறவர். இன்று கேட்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

சித்திக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். அவர் எழவில்லை.

கணவாயின் உச்சியில், லாரிகள் சூடு தணிய நிற்கும் இடம் இருக்கிறது. இந்த என்ஜினுக்கு அது தேவைப்படவில்லை. ஆனாலும் நிறுத்தினாள்.

"ஏன் சித்தி நிறுத்தின?"

"சும்மா."

"அப்புறம்?"

"அதுக்கு மேல உனக்கு எதுக்குடி?"

அவரை எழுப்பி, இருவருமாக டீ குடிக்கிறார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். எழுப்பாமல் மலையிறங்கிவிடுகிறாள், அவர் அந்தப் பக்கத்து ஊரில் கண்விழித்துத் திருதிருவென்று முழிக்கிறார் என்று இன்னொன்று. அம்மா சொன்ன முடிவில் சொந்தபந்தம் மொத்தமும் கல்யாண மாலையோடு வந்துவிடுகிறது. மூன்றையும் அடித்துவிட்டேன்.

நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன். கல் பலகைகள் பத்திரமாக இருக்கின்றன. என்ஜின் சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. சித்தியின் கை அவர் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் தொடவில்லை. முடிவை இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் செய்யலாம், அவர்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.