அரிக்காத உடம்பு

குழந்தையின் சட்டையைக் கழற்றிய ஆயா அதன் கையைத் தூக்கிப் பார்த்தாள். அக்குளிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகச் சிவந்த புள்ளிகள். வேறு யாராவது பார்த்திருந்தால் வேர்க்குரு என்று விட்டிருப்பார்கள். இந்த வீட்டில் குழந்தை பார்க்க வருகிற அவளுக்கு அந்தப் புள்ளிகளை நன்றாகத் தெரியும். அவள் வீட்டிலிருந்து வந்தவைதானே.

அவள் வீடு என்பது ஓர் அறை. ஒரு பாய், இரண்டு போர்வை, ஐந்து பேர். முதலில் பெரிய மகள் சொறிந்தாள், அப்புறம் சின்னவள், அப்புறம் மாமியார். சுகாதார நிலையத்து நர்ஸ் ஒரு குப்பி மருந்து கொடுத்து, "எல்லாரும் ஒரே நாள்ல பூசணும். அரிச்சாலும் சரி, அரிக்காட்டியும் சரி" என்று படித்துப் படித்துச் சொன்னாள். மூட்டை தூக்குகிற புருஷன் கேட்டால்தானே. "அரிக்காத உடம்புக்கு எதுக்கு மருந்து? புள்ளைங்களுக்குப் பூசு" என்றான். தகப்பன் பாசம், குறை சொல்ல முடியாது. அவளும் அதே பாசத்தில் தன் பங்கைப் பிள்ளைகளுக்கே பூசிவிட்டாள். கொஞ்ச நாள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். பிறகு அவன் சொறிய ஆரம்பித்தான், பின்னாலேயே அவள், அப்புறம் வீடு மொத்தமும். மறுபடி போனபோது மருந்து தீர்ந்துவிட்டது என்றார்கள். "நாம சொறியாத நேரமாப் பாத்துதான் வரும்போல" என்றாள் மாமியார்.

அதிலிருந்து ஆயா வேலைக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டுதான் வருகிறாள். அரிப்புத் தாங்காவிட்டால் குளியலறைக்குள் போய்ச் சொறிந்துவிட்டு வருவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை என்று அவளுக்கே தெரியும். ஆனால் புருஷனுக்கு வேலை இருக்கிற நாளைவிட இல்லாத நாளே அதிகம். இந்தச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. சொன்னால் இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். அனுப்புவதும் நியாயம்தான்.

புள்ளிகளைக் குழந்தையின் அம்மாவிடம் காட்டியது அவளேதான். அம்மா டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய், சாயங்காலம் மருந்தோடு திரும்பினாள்.

"சிரங்காம் அக்கா. எங்கேர்ந்து ஒட்டுச்சுன்னே தெரியல. உங்களுக்கு அரிப்பு எதுவும் இல்லையே?"

"இல்லம்மா."

"அப்ப உங்களுக்கு வேண்டாம். நாங்க பூசிக்கிறோம். இவனுக்கு நீங்களே பூசிடுங்க, உங்க கைன்னாதான் அழாம இருப்பான். விரலிடுக்குல ஒரு இடம் விடக்கூடாதாம். காலைலதான் கழுவணுமாம்."

ஆயா மடியில் போட்டுக்கொண்டு பூசினாள். குழந்தை அவள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இந்தப் பிஞ்சுக்கு நான்தானே கொடுத்தேன் என்ற நினைப்பு அவளை அறுத்தது. ஆனாலும் மருந்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிதுக்கினாள்.

"கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டுக் கிளம்புங்க அக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சரிம்மா" என்று குழாயை முழுசாகத் திறந்தாள். தண்ணீர் பெரிய சத்தத்தோடு தொட்டியில் விழுந்தது. ஒரு சொட்டுக்கூடத் தெறிக்காதபடி இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். விரலிடுக்குகளில் மருந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கை கழுவுகிற நேரம் போனதும், முழங்கையால் குழாயைத் தள்ளி மூடினாள்.