சக்கரத்துக்குப் பின்னால் எலுமிச்சம்பழம்

சனிக்கிழமை காலை வாசல் கூட்ட வந்த சாந்தினி, காரின் பின்சக்கரத்தைப் பார்த்ததும் விளக்குமாறும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். முந்தின நாள் சாயங்காலம் புருஷன் விஜயன் முழுசாக வைத்த எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கு அடியில் நசுங்கிச் சாறு வழிந்து கிடந்தது. குனிந்து மற்ற மூன்று சக்கரங்களையும் பார்த்தாள். அங்கேயும் அதே கதிதான். இரவில் காரை யாரும் எடுக்கவில்லை. சாவி சாமி அறை ஆணியில் தொங்குகிறது. கேட்டில் போட்ட பூட்டு போட்டபடியே இருக்கிறது.

போன சனிக்கிழமையும் இப்படித்தான். அதற்கு முந்தின சனிக்கிழமையும் இப்படித்தான்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

விஜயன் வந்து பார்த்தான். மனுஷன் பயந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பயப்படவில்லை, அவன் கண் கலங்கியது. நசுங்கிய பழத்தைப் பிய்த்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அண்ணன் வந்துட்டுப் போயிருக்காரு," என்றான்.

பழத்தோல்களை உள்ளே கொண்டுபோய், காளிதாஸ் படத்துக்கு முன்னால் இருந்த பித்தளைத் தட்டில் வைத்தான். முந்தின வாரங்களின் தோல்கள் அதில் காய்ந்து சுருண்டு கிடந்தன. பேய்க்குப் பயப்படுகிறவளுக்குத் தாயத்து கட்டலாம். பேய் வந்ததென்று சந்தோஷப்படுகிறவனுக்கு என்ன கட்டுவது?

காளிதாஸ் விஜயனின் அண்ணன். கல்யாணமே செய்துகொள்ளாமல், தாய் தகப்பனில்லாத தம்பியைத் தோட்டத்துத் தொழிலாளர் லய வீட்டிலிருந்து இந்த ரெங்கம் டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆளாக்கியவர். அந்தப் பழைய ஆட்டோ கியர் காரும் அவருடையதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். மறுநாள் காலை அதை நசுக்கிக்கொண்டு கார் கோயிலுக்குக் கிளம்பினால் திருஷ்டி போகும் என்பது அவர் வழக்கம். கேட்டை நோக்கிச் சரிந்த வாசலில் கார் வீட்டைப் பார்த்து நிற்கும், ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும். அதனால் பழங்களைச் சக்கரத்துக்குப் பின்னால் வைப்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காருக்கும் கேட்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்தார். கேட்டுத் தூணில் தலை அடிபட்டிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர், தலை சுற்றி விழுந்திருப்பார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அதற்குப் பிறகு, வாரநாளெல்லாம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் விஜயன் வெள்ளிக்கிழமை வந்து இறங்கியதும் செய்கிற முதல் காரியம், அண்ணன் மாதிரியே குனிந்து பழம் வைப்பதுதான்.

வாரநாளில் அந்தக் காரை ஓட்டுகிறவள் சாந்தினி. மகள் வாசுகியைப் பிள்ளை பார்க்கிறவர் வீட்டில் விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் குளுவாங்கில் இருக்கும் தொழிற்சாலைக்குப் போவாள். காரின் சேட்டை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. கியர் லிவரை P-யில், அதாவது வண்டி நிறுத்துகிற இடத்தில், வைத்துச் சாவியைத் திருகினால் சத்தமே வராது. முழங்கையால் லிவரை மேலே அழுத்திப் பிடித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். போன செவ்வாய்க்கிழமை சிக்னலில் நியூட்ரலான N-க்குத் தள்ளிவிட்டு, பச்சை விழுந்ததும் ஓட்டுகிற D-க்கு இழுத்து எண்ணெய் பெடலை மிதித்தாள். இன்ஜின் கத்தியது, கார் அசையவில்லை. பின்னால், எண்ணெய் ஆட்டும் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். லிவரைப் பிடித்து இன்னும் கீழே அழுத்தியதும் கார் யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் முன்னே பாய்ந்தது. வாசுகி வீறிட்டு அழுதாள்.

அதையெல்லாம் விஜயனிடம் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். டவுன் வொர்க்‌ஷாப்காரன் ஒருவன் போனிலேயே, "கியர் பாக்ஸ் போச்சு, இரும்புக் கடைக்குப் போட்டுருங்க," என்று சொன்னதிலிருந்து அவனுக்கு மெக்கானிக் என்றாலே ஆகாது. "அண்ணன் கை பட்ட காரை எவனும் பிரிக்கக் கூடாது," என்பான்.

அடுத்த வியாழக்கிழமை அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டாள். காரை நிறுத்தி லிவரை P-யில் போட்டாள். ஹேண்ட் பிரேக் இழுக்கும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இழுத்தால் ஒட்டிக்கொள்ளும், ஆட்டோ காருக்கு P போதும் என்று காளிதாஸ் சொல்லிவைத்திருந்தார். அவள் வாசல் கொடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தபோது வாசுகி குளிர்பெட்டியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்பா செய்வதுபோலவே பின்சக்கரத்துக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பழத்தை வைத்தாள்.

"பெரியப்பாவுக்கு," என்றாள் குழந்தை.

அப்போது காருக்குள் எங்கேயோ ஒரு கிறீச் சத்தம் கேட்டது. சக்கரம் அசைந்தது. துணி ஒரு பக்கம் போக, சாந்தினி பாய்ந்து குழந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். கார் ஒரு சாண் பின்னால் உருண்டு, 'டக்' என்று நின்றது. பழம் நசுங்கியது.

பட்டப்பகல். வண்டிக்குள் யாரும் இல்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, மதில் ஓரம் கிடந்த சிமெண்டுக் கல்லை ஒரு கையாலேயே இழுத்து வந்து சக்கரத்துக்குப் பின்னால் திணித்தாள். இத்தனை நாளும் செத்துப்போனவருக்குப் பயந்துகொண்டிருந்தாள். அந்த 'டக்' சத்தத்துக்குப் பிறகு காருக்கே பயந்தாள். இரும்புக்கு அண்ணனும் தெரியாது, குழந்தையும் தெரியாது.

வெள்ளிக்கிழமை விஜயன் வந்ததும் கல்லைத்தான் முதலில் பார்த்தான்.

"இது என்னா?"

"கார் தானா உருளுதுங்க. நேத்து பாப்பா பின்னாலதான் இருந்தா. நான் மட்டும் பாக்கலன்னா..."

"நீ ஒழுங்கா P போட்டிருக்க மாட்டே."

"போட்டேன். என் கண்ணு முன்னாலயே உருண்டுச்சு."

"அண்ணன் தொட்டிருப்பாரு. அவரு வர்ற வழியில கல்ல வைக்கிறியா நீ? அவரு வளர்த்த புள்ள வீடு இது. பாப்பாவ அவரு ஒண்ணும் செய்ய மாட்டாரு."

அவன் கல்லைத் தூக்கி மதில் ஓரமே போட்டுவிட்டு, காருக்குப் பின்னால் குனிந்து பழங்களை வைத்தான். வாசலில் நின்ற சாந்தினி அவன் எழுந்து வரும்வரை சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரவு முழுவதும் குழந்தையைக் கட்டிக்கொண்டு அந்த 'டக்'குக்காகக் காது கொடுத்துப் படுத்திருந்தாள்.

காலையில் பழங்கள் நசுங்கியிருந்தன. விஜயன் மாலையும் பழமும் வாங்க பாசாருக்கு மோட்டார் சைக்கிளில் போனதும், அவள் யூஜினுக்குப் போன் செய்தாள். யூஜின் மாதா கோயில் சாலையில் சின்னதாக வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அவளோடு வேலை செய்யும் ஷர்மைனின் அண்ணன். அவர் வந்ததும் அவள் முதல் வேலையாகக் கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள்.

"சத்தியமா சொல்றேண்ணே, தானா நகருது."

"பேய்னா நான் வர மாட்டேன் லா," என்று சிரித்தார் அவர். முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்காமல், தரையில் அட்டையை விரித்து டார்ச்சோடு பக்கவாட்டில் தலையை மட்டும் காருக்கு அடியில் நுழைத்தார். "நீங்க உள்ள உக்காந்து நான் சொல்ற மாதிரி லிவரைப் போடுங்க. பிரேக்க நல்லா மிதிச்சுக்குங்க. D போடுங்க."

"போட்டேன்."

"N."

"போட்டேன்."

"R... இப்ப P போடுங்க."

"போட்டேன்."

கீழே டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது.

"தங்கச்சி, P போடுங்க."

"போட்டுட்டேண்ணே. லிவர் P-யிலதான் இருக்கு."

"இல்ல," என்றது காருக்கு அடியிலிருந்து குரல். "கியர் பாக்ஸ் இன்னும் P-க்கு வரவே இல்ல."

யூஜின் மளமளவென்று வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு போயிருந்தது. அவரே இன்னொரு முறை கல்லைக் காலால் உதைத்து இறுக்கினார். பிறகுதான் பேசினார்.

"லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல ஒரு கேபிள் இருக்கு. அது போய் மாட்டுற முனையில ஒரு பிளாஸ்டிக் வளையம், புஷ்ஷுனு சொல்வோம். அது இத்துப் போச்சு. அதனால நீங்க இங்க P-னு இழுக்கறீங்க, கேபிள் அங்க ஆடிட்டுப் பாதியில நிக்குது. D-யும் அப்படித்தான். கியர் பாக்ஸ்ல ஒரு கோளாறும் இல்ல."

"அப்ப உருளுறது?"

"P போட்டா உள்ள ஒரு கொக்கி பல்லுச் சக்கரத்தப் பிடிக்கணும். பாதி போட்டா அது பல்லு மேலயே உக்காந்திருக்கும். சரிவுல நிக்கிற காரு, பாரம் இழுத்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு வழுக்கும். அடுத்த பல்லுல மாட்டினா டக்குனு நிக்கும்."

"மாட்டலன்னா?"

அவர் கேட்டையும், அதற்கு அப்பால் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரிகளையும் பார்த்தார்.

சாந்தினிக்கு அழுகை வந்துவிட்டது. பேயாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! பேய் சொன்னால் கேட்கும், சூடம் கொளுத்தினால் போகும்.

யூஜின் தன் வேனிலிருந்து ஒரு புது புஷ்ஷை எடுத்து வந்தார். அது ஒரு வெள்ளி மோதிரத்தை விடப் பெரிதில்லை. மறுபடி குனிந்து பழையதன் துண்டுகளை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. விஜயன் மாலைப் பையோடு கேட்டில் நின்றான்.

"யாரக் கேட்டு காரத் தொட்டீங்க?"

"நான்தான் கூப்பிட்டேன்," என்றாள் சாந்தினி. இடத்தை விட்டு நகரவில்லை. "கோவப்படுங்க, பரவால்ல. ஆனா கேட்டுட்டுக் கோவப்படுங்க."

யூஜின் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். உள்ளங்கையில் பழைய புஷ்ஷின் துண்டுகளைக் காட்டினார். அவை கறுத்து, எண்ணெய் ஊறி, விரலால் தொட்டாலே பொடிந்தன. விஜயன் நம்பாத முகத்தோடுதான் கேட்டான். அவர் புதியதை மாட்டி, லிவரை அவனையே போடச் சொன்னார். P-யில் வைத்ததும் உள்ளே அழுத்தமாக ஒரு சத்தம் கேட்டது. டேஷ்போர்டில் வெகுகாலமாக எரியாத P விளக்கு எரிந்தது. சாவியைத் திருகியதும் கார் முதல் திருகிலேயே ஸ்டார்ட் ஆனது.

விஜயன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். அந்தத் துண்டுகளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எப்ப உடைஞ்சிருக்கும்ணே?"

"நேத்து இன்னைக்கு உடைஞ்சது இல்ல. பாருங்க, உடைஞ்ச இடமே தேஞ்சு வழவழன்னு ஆயிருச்சு. ரொம்ப நாளா இப்படியே ஓடியிருக்கு."

"போன மழைக்கு முன்னாலயே?"

"இருக்கும். அதுக்கும் முன்னாலயே இருக்கும்."

விஜயன் காருக்கும் கேட்டுத் தூணுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தான். ஒரு ஆள் குந்தி உட்காரலாம், அவ்வளவுதான் இடம். ஒரு சாண் நகர்ந்தால் போதும், குந்தியிருக்கிறவர் தோளில் இடித்துத் தூணில் தள்ள. சாந்தினியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதைச் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் மனசு கெஞ்சியது.

"அன்னைக்கு நான்தான் அண்ணனத் தூக்குனேன்," என்றான் விஜயன். "கையில எலுமிச்சம்பழம் இருந்துச்சு சாந்தினி. மூணு சக்கரத்துக்கு வச்சுட்டாரு. நாலாவது கையிலயே இருந்துச்சு."

அவன் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனான். பித்தளைத் தட்டை எடுத்து, அதிலிருந்த காய்ந்த தோல்களையெல்லாம் குப்பைக் கூடையில் கொட்டினான். "இதையாண்ணே உனக்கு வச்சுக் கும்பிட்டேன்?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான். நேற்றுச் சாயங்காலம் அவனும் அதே இடத்தில் கல்லை எடுத்துவிட்டுக் குனிந்திருந்தான் என்பது சாந்தினிக்கு நினைவுக்கு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து வெளியே வந்தவன், வாசலில் நின்ற வாசுகியைத் தூக்கிச் சாந்தினியிடம் கொடுத்தான். பின்சக்கரத்துக்கு அடியிலிருந்த சிமெண்டுக் கல்லைக் கையால் தள்ளிப் பார்த்தான். பிறகு மதில் ஓரம் போய்க் குனிந்தான்.

"தம்பி, சரியாயிருச்சுப்பா. இனிமே நகராது," என்று யூஜின் இரண்டு முறை சொன்னார்.

விஜயன் மறு சக்கரத்துக்கு இன்னொரு கல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.