தூணுக்குப் பின்னால் நின்றவள்

ஒரு டிரைவர் என்றால் சரி, அவருக்கு ஏதோ கதை இருக்கிறது என்று விட்டுவிடலாம், ஆனால் நாலு பேர் மாறி மாறி ஓட்டுகிற பஸ், நாலு பேருக்கும் ஒரே வியாதி எப்படி வரும்... மாலை ரயிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் யோசித்தாள், யாருடைய முதுகுப்பையோ விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. கடைசி நிலையத்தில் ரயில் நிற்கும், இறங்கியவர்கள் படியிறங்கி வாசலுக்கு வந்தால் ஏரிப்பக்கம் போகும் பஸ் தயாராக நிற்கும், அப்படித்தான் அவள் அட்டவணை போட்டிருந்தாள், ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் நாலு நிமிடம், தாராளம். ஆனால் பஸ் ஆறாவது நிமிடத்தில்தான் கிளம்புகிறது, மழையானாலும் வெயிலானாலும், ரயிலில் வந்தவர்களை ஏற்றுகிற எல்லா நடையிலும், பஸ்ஸில் பொருத்திய கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. டீயா? இரண்டு நிமிடத்தில் யார் டீ குடிப்பார்கள், நாக்கு வெந்துவிடாதா? காதலா? நாலு பேருக்கும் ஒருத்தியா, சீ, புத்தி போகிற போக்கைப் பார்... சிரிப்பு வந்துவிட்டது, எதிரே நின்றவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துச் சட்டைப் பித்தானைத் தடவிப் பார்த்தார், அவள் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன வருஷம்வரை இது யாருக்கும் தலைவலி இல்லை. ரயிலுக்கு ஒரு அலுவலகம், பஸ்ஸுக்கு வேறு அலுவலகம், இரண்டும் எலியும் பூனையும், ரயில் வந்தால் பஸ் இருக்காது, பஸ் இருந்தால் ரயில் வராது, நடுவில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார்கள். இப்போது ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் என்று எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்தாயிற்று, கூரைதான் ஒன்று, அடுப்பு இன்னும் ரெண்டு. ரயில் பக்கத்திலிருந்து வந்தவளுக்கு பஸ் பக்கத்து ஆட்கள் நிமிஷ மேடம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவள் காதில் விழாது என்று அவர்களுக்கு நினைப்பு. டிப்போ மேனேஜரைக் கேட்டாள், பஸ் அங்கே ஏன் நிற்கிறது என்று, அது அப்படித்தான் மேடம், ரொம்ப நாளாவே அப்படித்தான் என்று கையை விரித்துவிட்டார். அப்படித்தான் என்பது ஒரு காரணமா? அந்த நிமிடங்களை ஒவ்வொரு நடையிலும் மிச்சம் பிடித்தால் அதே வண்டியை இன்னொரு நடை ஓட்டலாம், அதை ஏரிக்குப் பின்னாலிருக்கும் புதுக் குடியிருப்புக்கு விடலாம், அங்கே இன்றுவரை பஸ் கிடையாது, கடைசி நிறுத்தத்தில் இறங்கி ஏரிக்கரை மேல் நடந்துதான் வீடு போய்ச் சேருகிறார்கள். நாளைக் காலை இயக்குநர் கையெழுத்துப் போடுவார், அதற்குப் பிறகு நாலாவது நிமிடம் கதவை மூடாத டிரைவருக்கு அபராதம், அவள் எழுதிய விதிதான், நல்ல விதிதான். ஆனாலும் எதை வெட்டுகிறோம் என்று தெரியாமல் வெட்ட அவளுக்குக் கை வரவில்லை, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாக வெட்டிவிடலாம்.

நீ போய்ப் பாத்தா மட்டும் பஸ் நேரத்துக்குக் கிளம்பிடுமா, என்று காலையில் அவள் கணவர் கேட்டார், கேலிதான், கோபமில்லை. வீடு இதற்கு நேர் எதிர்த்திசை, இன்று தாமதமாகும், நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள், ஆனால் அவர் சாப்பிட்டிருக்க மாட்டார், மூக்குக்கண்ணாடிக் கடையைப் பூட்டிவிட்டு வந்து மேஜையில் இரண்டு தட்டையும் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வரும், உங்களை யார் காத்திருக்கச் சொன்னது என்று கத்தியிருக்கிறாள், அதற்கு அவர், யாரு காத்திருந்தா, எனக்கு இன்னும் பசிக்கவே இல்ல, என்பார். பொய், பச்சைப் பொய், சாப்பிட ஆரம்பித்தால் தெரிந்துவிடும். காத்திருப்பவர்கள் ஏன் அதை ஒத்துக்கொள்வதில்லை... ஒத்துக்கொண்டால் கடன் மாதிரி ஆகிவிடுமோ? ரயில் குலுங்கி நின்றது.

எல்லாரையும் முன்னே விட்டுவிட்டு அவள் கடைசியாக இறங்கினாள், அவர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும், யார் பின்தங்குகிறார்கள் என்று தெரிய வேண்டும். வாசலில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, கதவு திறந்திருந்தது. அவள் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், முகத்தை மட்டும் நீட்டி, நல்ல வேளை தெரிந்தவர் யாரும் இல்லை. முதலில் ஓட்டக்காரர்கள், பிறகு பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்து வருகிறவர்கள், பிறகு கைத்தடிக்காரர் ஒருவர், நிதானமாக, ஊரே தனக்குச் சொந்தம் என்பதுபோல... ஓ, இவருக்காகத்தானா? ஆனால் நாலாவது நிமிடம் முடிவதற்குள் அவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். படிக்கட்டு காலி. கதவு மூடவில்லை. இதோ, இப்போதுதான், இப்போது வரப்போகிற ஆள்தான். டிரைவர் கழுத்தைத் திருப்பி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார், ஜன்னலோரம் இருந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள், அவளும் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். யாருமில்லை. யார் அது, இத்தனை பேர் எதிர்பார்க்கிற அந்த மகராசி, அல்லது மகராசன்? ஐந்து முடிந்தது, ஆறு முடிந்தது, அவள் எக்கி எக்கிப் பார்த்தாள், ஒரு குருவி மட்டும் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஹாரன் ஒரு தடவை, சின்னதாக. டிரைவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“ஏறுறீங்களாம்மா? இல்ல, இன்னும் யாராச்சும் வரணுமா?”

யாரிடம் கேட்கிறார் என்று அவள் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. நான் வரவில்லை என்று சொல்லியிருக்கலாம், கையையாவது ஆட்டியிருக்கலாம், முகம் பற்றிக்கொண்டு எரிந்தது, ஒரு பஸ் முழுக்க ஜனங்களை நிறுத்திவைத்துவிட்டு வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது, கால் தன்பாட்டுக்கு நடந்தது, ஏறிவிட்டாள். கதவு மூடியது, பஸ் புறப்பட்டது, வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில். இன்றைய தாமதத்துக்குக் காரணம் அவள்தான், கருவி பதிந்திருக்கும். அப்படியானால் நேற்று? நேற்றும் யாரோ ஒருவர் செருப்பு வார் அறுந்தோ, போன் பேசிக்கொண்டோ, கடைசி ஆளாக நின்றிருப்பார்... தினமும் வேறு ஆள், தினமும் ஒரு கடைசி ஆள், அவ்வளவுதானா? அந்த ஆளை அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

மடியில் பையோடு இருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள், மருத்துவமனைச் சலவைப் பிரிவின் அட்டை கழுத்தில் தொங்கியது. எங்கே இறங்கணும் என்று கேட்டாள், கடைசி நிறுத்தம் என்றாள் இவள், வாயில் வந்தது அதுதான். நாங்களும் அங்கேதான், அப்புறம் ஏரிக்கரை மேல் ஒரு நடை, என்று அந்தப் பெண் கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது, அந்த மிச்சம் பிடித்த நிமிடங்கள் இந்தப் பெண்ணுக்குத்தான் போகவேண்டியவை, இந்தக் கணுக்காலுக்கு. கேட்டுவிடலாமா, வீட்டு வாசல்வரை பஸ் வேண்டுமா, இல்லை இங்கே இப்படி நிற்கிற பஸ் வேண்டுமா என்று... கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது, அதற்குள் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“ரொம்ப நேரமா தூண் பக்கத்துல நின்னீங்களே, நாங்க எல்லாரும் பாத்துட்டுதான் இருந்தோம். யாருக்காக நின்னீங்க? அவங்க வரலையா?”

எனக்காக மட்டும் இல்லை, நான் யாருக்காகவோ நிற்கிறேன் என்று நினைத்து, அந்த யாரோவுக்கும் சேர்த்தா நின்றது இந்த பஸ்... இல்ல, வரல, என்று அவள் சொன்னபோது அது பொய் மாதிரியும் இல்லை. வீட்டில் இரண்டு தட்டும் கவிழ்ந்து கிடக்கும். பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, அந்தப் பெண் அவள் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள்.

“விடுங்க. நாளைக்கு வந்துருவாங்க.”

நாளைக்கு, என்று அவளும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், இயக்குநரின் கையெழுத்தும் நாளைக்குத்தான்.