பொட்டலத்துக்குள் ஒரு சீட்டு

அந்தப் பட்டறையில் வேலை செய்வது இரண்டே பேர், புருஷனும் பெண்டாட்டியும். அவர் எஃகுப் பட்டையை வெட்டித் தேய்த்துக் கத்தியாக்குவார். அவள் அதை உலையில் வைத்துப் பதமேற்றுவாள். பேச்சு என்று வந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்திதான் பேசியாக வேண்டும். அவர் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். கல்யாணமான புதிதில், அவருடைய 'ஊம்' எது, 'ஊஹூம்' எது என்று பிரித்துத் தெரிந்துகொள்ளவே அவளுக்கு ஆறு மாதம் பிடித்தது.

அன்றைக்கு மாலை நாலு மணிக்குள் அவள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போனால் வரும் ஊரில் ஒரு பெரிய கத்தித் தொழிற்சாலை. அங்கே உலைப் பிரிவுக்குத் தலைமை தாங்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். காற்றே இல்லாத அறைக்குள் எஃகைச் சுடும் உலை இரண்டு, ஆள் உயரத்துக்குத் திரவ நைட்ரஜன் தொட்டி ஒன்று. இங்கேயோ கத்தியைக் குளிர வைக்க, மீன் கிடங்குக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி டிரை ஐஸ் வாங்கி வந்து, ஸ்பிரிட் ஊற்றிய பழைய ஐஸ் பெட்டியில் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குப் போக ஆசை. அந்தத் தொட்டியின் படத்தைப் போனில் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தாள் என்று கணக்கே இல்லை. ஆனால் இந்தப் பட்டறை அவர் கையால் எழும்பியது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கத்தி தேய்க்கும் கிரைண்டரைத் தரையில் நாலு போல்ட் போட்டு இறுக்கியதும் அவர்தான். அதையெல்லாம் அவளுக்காக விட்டுவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் பின்னால் வருவதாக இருந்தால் அவளுக்கு அந்த வேலையே வேண்டாம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் மூன்று நாளாகக் கேட்கிறாள். சாப்பிடும்போது கேட்டாள், பல் தேய்க்கும்போது கேட்டாள், தூங்கப் போகிறவரை உலுக்கிக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், உன் இஷ்டம். சந்தோஷமாகச் சொல்கிறாரா, மனசு வெந்து சொல்கிறாரா என்று அந்த முகத்தில் படித்தெடுக்க யாராலும் முடியாது.

அப்படியும் அன்று காலை அவள் பதறவில்லை. அவளிடம் வேறு ஒரு வழி இருந்தது.

உலைக்குள் போகும் ஒவ்வொரு கத்தியையும் மெல்லிய எவர்சில்வர் தாளில் பொட்டலமாகக் கட்ட வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் டிகிரிச் சூட்டில் காற்றுப் பட்டால் கத்தியின் மேல்தோல் கெட்டுப்போகும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் பொட்டலத்துக்குள் கொஞ்சம் காற்று தங்கத்தான் செய்யும். அந்தக் காற்றுக்குப் பலிகடாவாக உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைப்பார்கள். காகிதம் கருகும்போது இருக்கிற கொஞ்ச நஞ்சக் காற்றையும் விழுங்கிவிடும், கத்தி பிழைக்கும்.

காகிதம் வைப்பதும் பொட்டலம் மடிப்பதும் அவர் வேலை. சும்மா ஒரு துண்டைக் கிழித்து வைத்தால் போதும். ஆனால் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு, மேஜையில் குனிந்து, காதுக்குப் பின்னால் செருகியிருக்கும் பென்சிலால் ஏதோ எழுதித்தான் வைப்பார். ஏதாவது அளவு குறிக்கிறார்போல என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு நாள், ஆறிய பொட்டலத்தைக் கத்தரித்தபோது அந்தக் காகிதம் உடையாமல் வெளியே வந்தது. காற்று போதாததால் அது சாம்பலாகவில்லை, மடிப்புக் குலையாமல் கரித்தாளாக இருந்தது. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். மங்கிய கறுப்பின் மேல் பென்சில் எழுத்து மட்டும் பளபளத்தது. 'தலை வலிக்குது.'

படித்ததை அவள் காட்டிக்கொள்ளவில்லை. சூடாக ஒரு டீ போட்டுக் கொண்டுபோய் வைத்தாள், மாத்திரையும் வைத்தாள்.

அன்றிலிருந்து ஒரு பொட்டலத்தையும் அவள் விட்டதில்லை. 'சட்டைக் காலர் உறுத்துது' என்று வந்தால் அடுத்த வாரம் வேறு சட்டை வந்திருக்கும். 'தங்கச்சியைத் திட்டிட்டேன், பாவம்' என்று வந்தால் அன்று மாலையே நாத்தனாரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். ஒரு தடவை 'நேத்து நீ பாத்திரம் கழுவறப்போ பாடினது நல்லா இருந்துச்சு' என்று வந்தது. அன்றிலிருந்து பாத்திரம் இல்லாவிட்டாலும் பாடினாள். காகிதம் கசங்கக் கூடாது என்பதற்காகப் பொட்டலத்தின் நுனியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வால் விடச் சொல்லி, பிடிப்பதற்கு வசதி என்று அவரிடம் ஒரு பொய்யும் சொல்லி வைத்திருந்தாள். திருட்டுத்தனம்தான். ஆனால் புருஷன் மனசைத் திருடிப் பார்ப்பதற்கு எந்த ஊரிலும் தண்டனை கிடையாது என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"எங்க அம்மாவுக்கே அண்ணன் மனசுல என்ன இருக்குன்னு தெரியாது அண்ணி. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?" என்று நாத்தனார் அடிக்கடி அதிசயப்படுவாள். இவள் பெரிய ஞானி மாதிரி சிரித்து வைப்பாள்.

அன்றைய கத்தியும் நாத்தனாருக்குத்தான். ஆஸ்பத்திரிச் சமையலறையில் நாள் முழுக்கக் காய் நறுக்குகிறவள். மணிக்கட்டு வலி வேறு. அடிக்கடி தீட்ட வேண்டாத, லேசான கத்தி கேட்டிருந்தாள். அதற்கென்று பவுடர் ஸ்டீல் வாங்கினார்கள். உருக்கிய எஃகைக் வாயுவை வேகமாகப் பீய்ச்சிப் பொடியாகச் சிதறடித்து, அந்தப் பொடியைச் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒன்றாக இறுக்கிச் செய்வது. நன்றாகப் பிசைந்த மாவில் உப்பு பரவியதுபோல, கடினமான துகள்கள் அதில் எல்லா இடத்திலும் சீராக இருக்கும். அதனால் விளிம்பை எவ்வளவு மெலிதாகத் தேய்த்தாலும் தாங்கும். தேய்க்கிறவன் பாடுதான் திண்டாட்டம். அந்த ஒரு கத்தி அவருடைய கிரைண்டர் பெல்ட் நான்கைத் தின்றுவிட்டிருந்தது.

காலையில் கிரைண்டரின் காலடியில் மறுபடியும் எண்ணெய் கசிந்து கிடந்தது. இரண்டாம் நாளாக அதைப் பார்த்த அவள், வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தால் யார் பார்ப்பது என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவர் 'ஊம்' என்றார். பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, குனிந்து எழுதி, பொட்டலத்தை மடித்து அவளிடம் கொடுத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கூடுதலாகவே எழுதினார். அது போதும் என்று அவள் நிம்மதியாக உலையை மூட்டினாள்.

ஆயிரத்து நூற்று இருபது டிகிரி, இருபத்தைந்து நிமிஷம். இடுக்கியால் எடுத்து, இரண்டு கனத்த அலுமினியப் பலகைகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, காற்றுக் குழாயைத் திறந்தாள். காகிதம் இருக்கும் வால் மட்டும் நசுங்காமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தொடுகிற சூட்டுக்கு வந்ததும் கத்தரித்தாள். கத்தி வளையவில்லை. காகிதம் உடையவில்லை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தாள்.

ஒன்றுமே இல்லை.

திருப்பிப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கத்தி முனையைச் சோதிக்கும் லென்ஸை வைத்தும் பார்த்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் கரி. அவளுக்குப் பகீரென்றது. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் வெறும் காகிதம் வைத்ததில்லை. எழுதுகிற மாதிரி குனிந்து நின்றாரே, அவ்வளவு நேரம் குனிந்து யோசித்தும் அவளிடம் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா?

அழுவதற்கும் நேரமில்லை. பதமேறிய கத்தி காத்திருக்காது. டிரை ஐஸ் பெட்டிக்குள் இறக்கி மூடினாள். ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்ததும் துடைத்து, கைப்பிடி மூடப்போகும் இடத்தில் கருவியை அழுத்திக் கடினம் அளந்தாள். அறுபத்தைந்து. இதுவரை அந்தப் பட்டறை பார்க்காத எண். வேறு நாளாக இருந்தால் குதித்திருப்பாள். இருநூறு டிகிரிக்குச் சின்ன அடுப்பை வைத்து, விறைப்பு தணியட்டும் என்று கத்தியை உள்ளே தள்ளினாள். மணி மூன்று நாற்பது. நேராகப் போய் கிரைண்டரின் சுவிட்சை அணைத்தாள்.

"இன்னிக்கு ஏன் ஒண்ணுமே எழுதலை?"

கேட்ட பிறகுதான், ஒன்பது வருஷத்து ரகசியத்தைத் தானே போட்டு உடைத்துவிட்டது உறைத்தது. அவர் முகக்கவசத்தை மேலே தூக்கி அவளைப் பார்த்தார்.

"எழுதினேனே."

"வெறும் கரிதான் இருந்துச்சு."

"பேனாவுல எழுதினேன்," என்றார். "பேனான்னா சூட்டுல போயிடும். பென்சில்தான் நிக்கும்."

அவள் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் அவர் பேசியதை, அவர் அளவுக்கு, ஒரு பிரசங்கம் என்றே சொல்ல வேண்டும். தலைவலி என்று யாரிடமும் சொல்லாத ஒரு நாளில் மாத்திரையோடு டீ வந்ததாம். அப்போதே சந்தேகம். அவள் கடைக்குப் போயிருந்த ஒரு நாள், பேனாவால் எழுதிய துண்டையும் பென்சிலால் எழுதிய துண்டையும் ஒரே பொட்டலத்தில் போட்டு உலையில் வைத்துப் பார்த்தாராம். அதற்கப்புறம் பென்சிலைக் காதிலிருந்து இறக்கவில்லையாம்.

"ஒன்பது வருஷமா என்னை முட்டாளாக்கிட்டு இருந்திருக்கீங்க," என்றாள். கோபமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தாள், பாதியிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

"உங்கிட்ட பேசிட்டுத்தானே இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு மட்டும் ஏன் பேனா என்று கேட்டாள்.

"நான் என்ன எழுதினாலும் நீ அதையே செஞ்சுடுவ. இது சட்டைக் காலர் மாதிரி இல்லையே. நீயா முடிவு பண்ணணும்."

"அப்ப எதுக்கு எழுதணும்? வெறும் காகிதமா வெச்சிருக்கலாமே."

"சொல்லாம இருக்க முடியலை."

சுவர்க் கடிகாரம் நாலுக்குப் பத்து காட்டியது. என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டார், முதலில் அவள் சொல்ல வேண்டும் என்று. அவள் கிரைண்டரைப் பார்த்தாள், பெல்ட் தொங்கும் ஆணிகளைப் பார்த்தாள், அவர் கைகளைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குப் போகணும்ங்க. ரொம்ப ஆசையா இருக்கு."

அவர் நிதானமாகத் தலையசைத்தார். "கிரைண்டரைக் கழட்டிப் பெட்டியில வைக்க ரெண்டு நாள் போதும். அதைத்தான் எழுதினேன்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தால் அதற்கும் தோதாக ஒன்றை எழுதியதாகச் சொல்லியிருப்பார், எழுதியதைத்தான் உலை தின்றுவிட்டதே, இனி யார் சாட்சி என்று மடக்கினாள். அவர் வாதாடவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஸ்பானரை எடுத்து அவள் கையில் கொடுத்து, கீழே காட்டினார்.

குனிந்தாள். கிரைண்டரின் காலடியில் நாலு போல்ட். பன்னிரண்டு வருஷத் துரு ஏறி, தரையோடு தரையாகச் செத்துக் கிடந்தவை. இப்போது துரு சுரண்டியிருந்தது, சுற்றிலும் எண்ணெய் ஊறியிருந்தது. ஒரு நாள் ஊறல் இல்லை, தொழிற்சாலையிலிருந்து போன் வந்த நாளிலிருந்து ஊறியது. வழுக்கி விழுவேன் என்று இதைத்தான் அவள் காலையில் திட்டியிருந்தாள். ஸ்பானரைப் போட்டுத் திருப்பினாள். முனகல்கூட இல்லாமல் போல்ட் சுழன்றது.

போன் அடித்தது. வருகிறோம் என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து மேலாளர் சேர வேண்டிய தேதியையும் விலாசத்தையும் சொல்ல ஆரம்பித்தார். குறித்துக்கொள்ள அவள் மேஜையைத் துழாவியபோது கையில் பேனாதான் தட்டுப்பட்டது. அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.