சுப்பிரமணியின் முதுகு

மாவட்ட ஆணழகன் போட்டிக்காக சுப்பிரமணி சோற்றை அடியோடு நிறுத்தியிருந்தான். முட்டை, கோழி, மீன் மட்டும்தான், இட்லிகூடக் கிடையாது. 2006இல் திருப்போரூர் ஜிம்மில் எல்லோருக்கும் அதுவே பேச்சு. சில வாரங்களில் வயிறு வரிவரியாக இறுகியது. கூடவே முதுகிலும் மார்பிலும் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. அரிப்பு தாங்காமல் கதவு நிலையில் முதுகைத் தேய்த்தான். சிவப்பு அடங்கிய இடமெல்லாம் மீன்வலை விரித்ததுபோலக் கறுத்தது. தூக்கம் போயிற்று. தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது.

போட்டிக்கு முந்தின நாள் அவன் பனியனைக் கழற்றியதும் ஜிம்மில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாடா இது?" என்றான் ஜிம்மை நடத்தும் சின்னராசு. இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். "பெஞ்சுல படுக்காத மச்சான். அல்லாருக்கும் ஒட்டிக்கும்."

"வேர்க்குருடா."

"வேர்க்குரு இப்டியா கீது? எவகிட்ட போய் வாங்கினு வந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுப்பிரமணியின் கையிலிருந்த டம்பெல் சின்னராசுவின் தாடையில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து முகத்திலேயே குத்தினான். பல்லொன்று தெறித்து ரப்பர் விரிப்பில் விழுந்தது. எத்தனை பேர் இழுத்தும் விடவில்லை. ஒருவன் இரும்புக் கம்பியால் சுப்பிரமணியின் முழங்கையில் ஓங்கி அடித்த பிறகுதான் அந்தக் கை தொங்கியது.

கைதுசெய்த போலீஸ்காரர் அவனைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கட்டுப்போடக் கூட்டிப்போனார். சட்டையைக் கழற்றியதும் டாக்டர் ஸ்ரீதேவி கையை விட்டுவிட்டு முதுகைப் பார்த்தார்.

"சாதம் சாப்பிடறத நிறுத்திட்டீங்களா?"

"ஆமா மேடம். எப்டித் தெரியும்?"

"அரிசி, மாவு எல்லாத்தையும் திடீர்னு விட்டா சிலருக்கு இப்படி வரும். அபூர்வம்தான். பழையபடி சாப்பிடுங்க, மாத்திரை தரேன். தடிப்பு போயிடும். கறுப்பு மறைய நாளாகும்."

"ஒட்டாதா?"

"யாருக்கும் ஒட்டாது."

சின்னராசு அதே ஆஸ்பத்திரியின் மாடி வார்டில் படுத்திருந்தான். போலீஸ்காரரிடம் கெஞ்சி சுப்பிரமணி அங்கே போனான். வாசலில் சின்னராசுவின் மனைவி பூங்கொடி நின்றிருந்தாள்.

"அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்மா. இது ஒட்ற நோயி இல்லியாம்."

"சொல்லிட்டு? அவரு வாயே தொறக்க முடியாம கெடக்குறாருடா!"

செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் மாறி மாறி அடித்தாள். அவன் நல்ல கையைக்கூடத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்த பிறகே போலீஸ்காரர் குறுக்கே வந்தார்.

சுப்பிரமணிக்கு ஓராண்டு சிறை கிடைத்தது. கோணிய வாயோடு சாட்சி சொன்ன சின்னராசு, அவன் நின்ற பக்கம் திரும்பவேயில்லை.