நாற்காலி காலியாக இருக்கிறதா?

அக்காவுக்கு அந்தச் சந்தேகம் வந்தபோது, புதுத் தளம் திறக்க ஒரு வாரம்கூட இல்லை.

சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்கான இணைய வேலைத் தளம் அது. தொடங்கியது அக்கா, கட்டியது தம்பி. அப்படிப்பட்ட தளங்கள் எத்தனையோ இருந்தாலும் இவர்களுடையதற்குத் தனி மதிப்பு இருந்தது. எந்த நிறுவனம் விளம்பரம் கொடுத்தாலும், இருவரில் ஒருவர் அங்கே போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "உங்ககிட்ட ஒரு நாற்காலி நிஜமாவே காலியா இருக்கா?" பந்தாவுக்கு விளம்பரம் கொடுக்கிறவர்கள் அந்த இடத்தில் மென்று விழுங்குவார்கள். அவர்கள் விளம்பரம் ஏறாது.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு வேலையில் இருந்துகொண்டே இன்னொன்று தேடுகிறவர்கள் தங்கள் விவரத்தை மறைத்து வைக்கலாம். அவர்களாக யாருக்காவது அனுப்பினால் தவிர அது எவர் கண்ணிலும் படாது. இந்த இரண்டையும் நம்பித்தான் ஆட்கள் வந்தார்கள்.

பழைய தளம் தள்ளாடத் தொடங்கியதால் தம்பி எல்லாவற்றையும் புதிதாக எழுதினான். பழைய விவரங்களையும் புதியதற்கு மாற்றிவிட்டிருந்தான். திறப்பதுதான் பாக்கி.

அன்று மத்தியானம் அவன் சாப்பிடப் போயிருந்தான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகத்தில் அக்கா மட்டும் இருந்தாள். ஒரு நிறுவனத்தின் மேலாளர் போலத் தளத்துக்குள் நுழைந்து ஆள் தேடிப் பார்த்தாள். மூன்றாவதாக வந்த விவரத்தைப் படித்ததும் மவுஸ் மேல் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது.

பெயர் இல்லை. தளத்தில் யார் பெயரையும் முதலில் காட்டுவதில்லை. ஆனால், 'வேலைத் தளம் ஒன்றை முதல் வரியிலிருந்து தனி ஆளாக எழுதியவர்' என்று இருந்தது. வேலை மாற விரும்பும் காரணம் என்ற இடத்தில், 'சொந்தக்காரர்கள் இல்லாத அலுவலகம் வேண்டும்' என்று இருந்தது. பதிந்த தேதி இந்த வாரத்துத் தேதி.

தம்பியேதான். அந்தத் தளத்தில் எந்த ஆணி எங்கே அடித்திருக்கிறது என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். திறந்த கையோடு அவன் கிளம்பிப் போனால், சின்னக் கோளாறு வந்தால்கூட அவள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் சிரித்து மழுப்புவான் என்று தோன்றியது. சாப்பிட்டு வந்தவனிடம், "வயிறு ரொம்பிச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரி செய்கிறவருக்கு எதைப் பார்த்தாலும் கோணலாகத்தான் தெரியும்.

"நான் அப்பவே நினைச்சேன்" என்றார்.

"என்னத்தை நினைச்சீங்க?"

"முந்தாநேத்து உன் தம்பி அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கிட்டு வந்தானா இல்லையா? அவன் சட்டையைத் துவைச்சாலே பெரிய விஷயம்."

"இன்டர்வியூவுக்கா இருக்குமோ?"

"பின்ன, ஜெராக்ஸ் கடைக்காரரை மயக்கவா?"

"நீங்க வேற, எரியற நெருப்புல எண்ணெய் ஊத்தாதீங்க."

ஆனால் எண்ணெய் ஊற்றியாகிவிட்டது. மறுநாள் அக்கா ஒரு காரியம் செய்தாள். இல்லாத ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெயர் வைத்து, புதுத் தளத்தில் தானே ஒரு விளம்பரம் ஏற்றினாள். 'வேலைத் தளம் எழுதிய அனுபவம் அவசியம். குடும்ப அலுவலகம் அல்ல.' தொடர்புக்கு, தன் மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்த பழைய போனுக்கு சார்ஜ் ஏற்றி, அதன் எண்ணைக் கொடுத்தாள். 'கேட்டு உறுதி செய்யப்பட்டது' என்ற இடத்தில் யாரையும் கேட்காமலே டிக் போட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் போட்ட முதல் பொய் டிக் அது. விரல் கூசியது. இருந்தாலும், விண்ணப்பித்தான் என்றால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

அவன் விண்ணப்பிக்கவில்லை. ஆனால் ஆளே மாறிப்போனான். அவள் பக்கத்தில் போனால் லேப்டாப் பாதி மூடிக்கொண்டது. போன் வந்தால் மாடிப்படிக்குப் போனான். ஒரு தடவை அவள் கதவோரம் நின்று காது கொடுத்தாள்.

"அந்தக் கம்பெனியைப் பத்தி உனக்கு ஏதாவது தெரியுமாடா?... இல்லடா, அக்காகிட்ட எப்படிக் கேக்கறது, ஒரு மாதிரி இருக்கு."

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவள் பூனை போல இடத்துக்குத் திரும்பினாள்.

திறக்கிற நாளும் வந்தது. காலை பத்து மணிக்கு என்று எல்லா நிறுவனங்களுக்கும் சொல்லியிருந்தார்கள். கணவர் ஒரு கேக் பெட்டியோடு வந்து ஓரமாக நின்றார். தம்பி அயர்ன் செய்த சட்டையில் இருந்தான். அவர் அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"கடைசியா ஒரு விளம்பரத்தை மட்டும் போன் பண்ணிப் பார்த்துடறேன்" என்று தம்பி போனைக் காதில் வைத்தான்.

அக்காவின் இழுப்பறைக்குள் மணி அடித்தது.

மூன்று பேரும் இழுப்பறையைப் பார்த்தார்கள். தம்பி இணைப்பைத் துண்டிக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் அக்கா எடுத்துக் காதில் வைத்தாள்.

"வணக்கங்க" என்றான் தம்பி, மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, போனிலேயே. "வேலைத் தளத்துலருந்து பேசறேன். உங்ககிட்ட ஒரு நாற்காலி நிஜமாவே காலியா இருக்குங்களா?"

அவள் இன்னொரு கையால் இழுப்பறையைத் தள்ளி மூடினாள்.

"சொல்லுங்க மேடம். அது என் நாற்காலிதானே? எனக்குப் பதிலா ஆள் தேடறீங்கதானே?"

"நான் தேடறேனா?" போனை மேஜையில் போட்டாள். "சொந்தக்காரங்க இல்லாத ஆபீஸ் வேணும்னு எழுதிப் போட்டது நீயா, நானா?"

தம்பியின் முகம் பேயறைந்தது போல ஆனது. "அதை நீ எப்படிப் பார்த்தே?"

"பாரு, ஒத்துக்கறான்" என்றார் கணவர், கேக் பெட்டிக்குப் பின்னாலிருந்து.

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க. அக்கா, அது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. ஒரு கஸ்டமர் முன்னாடி, 'இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது'ன்னு சொன்னியே, அன்னிக்கு. கோவத்துல எழுதினேன். யாருக்கும் அனுப்பல."

"இந்த வாரத் தேதி இருந்துச்சே?"

"பழசைப் புதுசுக்கு மாத்தின தேதி அது. தேதியை விடு. நான் அதை மறைச்சில்ல வெச்சிருந்தேன்? உன் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினான். திரையைக் கண் கொட்டாமல் பார்த்தான்.

"போச்சு. மறைச்சு வெச்ச எல்லாமே தெரியுது. மாத்தும்போது மறைச்சதுக்கான குறி விட்டுப்போயிருக்கு."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு மேலாளர்கள் உள்ளே வந்து தேடுவார்கள். தங்கள் அலுவலகத்தில், தங்கள் எதிரிலேயே உட்கார்ந்து வேலை செய்கிற ஆள் வேறு வேலை தேடுகிறான் என்று படிப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன? அவள் தம்பியைக் கண்டுபிடிக்கவில்லையா?

"நீ எப்ப பார்த்தே?"

"நீ சாப்பிடப் போயிருந்தியே, அன்னிக்கு."

"அன்னிக்கே என்னைத் திட்டியிருந்தா..." என்று தொடங்கியவன் முடிக்காமல் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திறப்பை நிறுத்தினார்கள். போன் மேல் போன் வந்தது. "தப்பு எங்களோடதுதாங்க, நாளைக்குத் திறக்கறோம்" என்று ஒவ்வொருவரிடமும் அக்கா சொன்னாள். நடுவில் தன் பொய் விளம்பரத்தை அழித்தாள். கேக் பெட்டி பிரிக்காமல் கிடந்தது.

"அது சரி, அந்தச் சட்டை எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

"உங்களோடதுதான் மாமா. முந்தி போட்டுக்கிட்டு வந்ததும் உங்களோடதுதான். அக்கா அயர்ன் பண்ணி மடிச்சு வெச்சிருந்துது, எடுத்துக்கிட்டேன்."

கணவர் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

சாயங்காலம் தம்பி சோம்பல் முறித்தான். "பாரு இப்ப."

அக்கா மறுபடியும் மேலாளராக உள்ளே போனாள். அதே சொற்களைப் போட்டாள். மூன்றாவது இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள்.

"ஏன்டா, இப்ப அதை அழிச்சுட்டியா, இல்ல மறைஞ்சுதான் இருக்கா?"

"அது உனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே காலையிலருந்து உக்காந்து முட்டிக்கிட்டேன்?" என்று சிரித்தான் தம்பி. அவளும் சிரித்தாள்.

அவன் முகம் கழுவப் போனதும், வேறு சொற்களைப் போட்டு இன்னொரு தடவை தேடினாள். பிறகு இன்னொரு தடவை. ஒன்றும் வரவில்லை. வேலையை அவன் நன்றாகத்தான் செய்திருந்தான்.